எர்த் பின்னை ஒடிக்காதீர்கள் ஐயா!

ஹோம் தியேட்டரில் 'ம்ம்ம்' என்று இரைச்சலா? வருகிற மெக்கானிக் பிளக்கின் மூன்றாவது காலைத்தான் முதலில் ஒடிப்பார். புனேயில் என் வீட்டிலும் அதற்குத்தான் குறடை எடுத்தார். சத்தம் நிற்கலாம், சரி. நாளைக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் கரண்ட் கசிந்தால், அதைத் தொடுகிற குழந்தை வழியாகத்தானே தரைக்குப் போகும்? இரைச்சலே தேவலை!

அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் பெரும்பாலும், எர்த்துக்கு இரண்டு வழி கிடைத்து அதில் கரண்ட் சுற்றுவதால் வருவது. எல்லா பிளக்கையும் ஒரே ஸ்பைக் பஸ்டருக்கு மாற்றினேன், நிற்கவில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் வயரைக் கழற்றினேன், கப்சிப். கேபிள் லைனில் ஒரு ஐசொலேட்டர் மாட்டியதோடு சரி. இதற்குப் போய்ப் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொன்ன கடைக்காரரை என்ன செய்ய?