ஊமைத் தொழிலாளி

தோழனே!

நம் கூட்டங்களுக்கு மேடை போட்டுத் தந்தவன் அவன். விடிய விடியச் சுவரொட்டி ஒட்டியவன். கொடிக்கம்பம் நடக் குழி தோண்டிய கரங்கள் அவனுடையவை. அவனை மருத்துவமனைக் கட்டிலிலே கண்டேன். கண்ணிலே மஞ்சள், காலிலே வீக்கம், குடமென உப்பிய வயிறு, குச்சியென மெலிந்த கரம்! வயதோ நாற்பதைத் தொடவில்லை. "வலியே இல்லாமல் இருந்தேனே அண்ணே, எப்படி வந்தது இந்த நோய்?" என்று கேட்டான். இன்று அவன் இல்லை. அவன் கேட்ட கேள்விக்கான விடையேனும் உன்னிடம் வந்து சேரட்டும்.

மருத்துவம் பயின்றவனல்லேன் நான். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடையேறியவன். மருத்துவர் கூறக் கேட்டதையும் ஏடுகளிலே கற்றதையும் நம் வீட்டு மொழியிலே சொல்கிறேன்.

வலப்பக்க விலாவுக்கு அடியிலே, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் இருக்கிறது கல்லீரல். நஞ்சை முறிப்பதும், இரத்தம் உறைவதற்கான பொருளை ஆக்குவதும், உண்ட உணவின் ஆற்றலைச் சேமிப்பதும் அதன் பணி. இரவில்லை, பகலில்லை, விடுமுறையில்லை! குடித்த மது இரைப்பையிலும் சிறுகுடலிலும் இருந்து இரத்தத்திலே கலக்கிறது. அதிலே பத்தில் ஒன்பது பங்கைச் சிதைக்கும் சுமை இந்தத் தொழிலாளியின் தலையிலேதான் விழுகிறது.

மணிக்கு ஏறத்தாழ 10 கிராம். அதுவே அதனால் இயன்ற வேகம். 180 மில்லி பிராந்தியிலே இருப்பதோ 60 கிராம் மது! அரை மணியிலே நீ ஊற்றியதை ஆறு மணி நேரம் சுமக்கிறது கல்லீரல். மோர் குடித்தாலும், எலுமிச்சை பிழிந்தாலும், தலையிலே குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டினாலும் அந்த வேகம் கூடாது. சிதையும்போது இடையிலே பிறக்கிறது அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சு. உயிரணுக்களை அது தாக்குகிறது.

முதலிலே கல்லீரலிலே கொழுப்பு படிகிறது. அந்த நிலையிலே குடியை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலே மீண்டுவிடும்! நிறுத்தாவிடில் அழற்சி, அதன்பின் தழும்பு. மெத்தென்றிருந்த உறுப்பு முடிச்சு முடிச்சாய் இறுகிவிடும். 'சிரோசிஸ்' என்று அதற்குப் பெயரிட்டவர் லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர்; ஆண்டு 1819. நெஞ்சொலி கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பை உலகுக்கு அளித்தவரும் அவரே. புதுவையை ஆண்ட பிரெஞ்சுநாடு மதுவை மட்டுமா தந்தது? மது செய்யும் கேட்டைக் கண்டு சொன்ன மருத்துவனையும் தந்தது! முன்னதை வாங்கிக் கொண்டோம். பின்னவன் சொல்லை மறந்தோம்.

வலி ஏன் இல்லை? கல்லீரலின் உட்புறத்திலே வலியுணரும் நரம்பில்லை. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட புதுவை ஆலைத் தொழிலாளர் மீது குண்டு பாய்ந்தது, பன்னிருவர் மாண்டனர். எட்டு மணி நேர வேலை என்னும் உரிமை அந்தக் குருதியிலே விளைந்தது. அவர்களுக்கு வாய் இருந்தது, கொடி இருந்தது, சங்கம் இருந்தது. கல்லீரலுக்கு ஏது? முழக்கமிடாது, முறையிடாது. ஒரு நாள் வேலையை நிறுத்தும். அன்றே மஞ்சள் காமாலை, வயிற்றிலே நீர், இரத்த வாந்தி, மூளைக் குழப்பம்!

பாழாவது அது மட்டுமா? கணையம் வெந்து புண்ணாகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத் தசை தளர்கிறது. உயிர்ச்சத்து பி1 குன்றி நினைவு மங்குகிறது; பாதம் எரிகிறது. மதுவைப் புற்றுநோய்க் காரணி என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988இலேயே வகைப்படுத்தியது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்டிரின் மார்பகம் என்று நீள்கிறது பட்டியல்.

"கள்ளச் சாராயமன்றோ கொல்லும்? நான் குடிப்பது கடைச் சரக்கு" என்பாய். 2023 மே திங்களில் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது மெத்தனால். கள்ளக்குறிச்சியிலே மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர்! அது நாள்கணக்கிலே கொன்றது. முத்திரை குத்திய புட்டி ஆண்டுக்கணக்கிலே கொல்கிறது. தீங்கற்ற அளவென்று ஏதுமில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023 சனவரியிலே அறிவித்துவிட்டது.

1948இலே சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையிலே கடைகள் திறந்தே கிடந்தன. 1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது, கடை மூடவில்லை. மதுவிலக்குக்கு முயல வேண்டுமென அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகிறது. கலால் வருவாயோ கஜானாவை நிரப்புகிறது. கேட்போம் ஆட்சியாளரை! ஆனால் கேட்கும் வாயிலே மதுவின் வாடை இருக்கலாமா?

உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன். ஊர்வலம் முடிந்த இரவிலே புட்டி திறந்தவர் நம்மவரும்தான். மேடை போட்டவனுக்குக் கூலியோடு குவார்ட்டரும் வாங்கித் தந்தவர் நம்மவரே. அந்தத் தோழனின் கல்லீரலிலே விழுந்த தழும்பிலே நம் கைவிரல் பதிந்திருக்கிறது. இனி நம் கூட்டத்திலே, தேர்தல் பணியிலே, தோழர் இல்லத் திருமணத்திலே புட்டி வேண்டாம். கூலி பணமாகட்டும், விருந்து சோறாகட்டும்.

ஒன்று மட்டும் நினைவிலே கொள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரக்கூடும். உயிருக்கே கேடு நேரலாம். ஆதலால் அவனை ஏசாதே. தோளிலே கைபோட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல். அரசு மருத்துவமனை இருக்கிறது. வெட்கம் வேண்டாம்.

வாயில்லாத் தொழிலாளிக்காக வழக்காடுவதே நம் கொள்கை என்கிறோம். உன் விலாவுக்கடியிலே ஒருவன் இருக்கிறான், தோழனே! அவனுக்காக இன்றே பேசு.