ரகரத்தை றகரமாக்கிய கணினி

பத்திரிகை அலுவலகத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளை ஒப்புநோக்காளர்களோடு மல்லுக்கட்டிக் கழித்தவன் நான். எழுத்துப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதை எனக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை என்றே நினைத்திருந்தேன். அந்த இறுமாப்பை உடைத்தது என் மேசையில் இருக்கும் கணினி.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ரூபா சரிந்து, இறக்குமதிப் பொருட்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்த காலம். புதுக் கணினி வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாது. இருந்ததோ 8 ஜிபி நினைவகம் கொண்ட, நத்தையாய் ஊரும் பழைய இயந்திரம். இன்னொரு 8 ஜிபி றாமைச் செருகினால் சில ஆண்டுகள் ஓடும் என்றார் கடைக்காரர். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இயந்திரம் எழும்பி நின்றது, 16 ஜிபி என்று காட்டியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்நாட்களில் பழைய அச்சுக்கோப்பாளர் ஒருவரின் வாழ்க்கை அனுபவங்களை நூலாக்கும் முயற்சியில் இருந்தேன். அவரிடம் ஒலிநாடாவில் பதிந்தவற்றை மருமகள் தட்டச்சுச் செய்து, எளிய உரைக்கோப்புகளாகச் சேமித்து வந்தாள். ஈயத்தில் எழுத்தடுக்கிய அம்மனிதர் நூலைக் காணாமலே போய்விட்டார். ஒலிநாடாக்களும் பூஞ்சணம் பிடித்து, இரண்டு ஓடும்போதே அறுந்துவிட்டன. ஆகவே கணினியில் இருந்ததுதான் மூலப்பிரதி.

றாம் மாற்றிச் சில நாட்களில் நீலத்திரை வரத் தொடங்கியது. மின்வெட்டின் விளைவென்று எண்ணினேன். சுருக்கி வைத்திருந்த சில கோப்புகள் திறக்க மறுத்தன. வன்தட்டுக்கு வயதாகிவிட்டது என்றேன். உரையின் நடுவே ஆங்காங்கே வெற்றுப் பெட்டிகள் முளைத்தன. பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய பாவம் இன்னும் தொடர்கிறதென்று சலித்துக்கொண்டேன். கடைசியாக, 'கரை' எல்லாம் 'கறை'யாகவும் 'ஒலி' 'ஒளி'யாகவும் கிடக்கக் கண்டபோது மருமகள்மீது பாய்ந்தேன். தமிழ் படித்த பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்றேன்.

அவள் அழவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து, "மாமா, நான் பிழை விட்டிருந்தால் ரெண்டு பக்கமும் எல்லோ விட்டிருப்பன்? ரகரம் றகரமாகுது, ஒரு இடத்திலயாவது றகரம் ரகரமாகேல்லையே" என்றாள்.

ஒப்புநோக்கும் தொழிலில் ஊறிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி அது. பதில் யுனிகோடு அட்டவணையில் இருந்தது. கணினிக்கு எழுத்தென்பது ஓர் எண். ரகரத்தின் எண் 2992, றகரத்தின் எண் 2993. லகரம் 2994, ளகரம் 2995. தந்நகரம் 2984, றன்னகரம் 2985. இரட்டை எண்ணின் இறுதிப் பிட் பூச்சியம்; அது ஒன்றாக மாறினால் அடுத்த ஒற்றை எண் வந்துவிடும். நினைவகத்தில் ஒரேயொரு பிட் புரண்டால் போதும், 'நாடு' 'னாடு' ஆகிவிடும். தகரம், பகரம், சகரம் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் அட்டவணையில் காலி; ஆகையால் அங்கே வெற்றுப் பெட்டி. ழகரத்துக்கு அடுத்திருப்பது வகரம். ஓரிடத்தில் 'தமிழ்' என்பதே 'தமிவ்' என்று கிடந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

எழுத்துப்பிழையாவது கண்ணில் படும். எண்களும் இதே விதிக்கு உட்பட்டவை என்பதை உணர்ந்தபோதுதான் நெஞ்சு திடுக்கிட்டது. 4 என்பது 5 ஆகும், 8 என்பது 9 ஆகும். யாழ்ப்பாணத்துத் தமிழாராய்ச்சி மாநாடு எம் பிரதியில் 1975இல் நடந்திருந்தது. அது 1974 தை மாதம் என்பது ஊரறிந்த செய்தி, திருத்திவிடலாம். அம்மனிதர் தொழிலுக்குச் சேர்ந்த ஆண்டு 1958ஆ 1959ஆ என்பதை இனி யாரிடம் கேட்பது? வெளி வன்தட்டிலிருந்த பழைய பிரதியின் மேலேயே வாரந்தோறும் புதியதைப் பதிந்து வந்த என் கெட்டித்தனத்தால் காப்புப்பிரதியும் கெட்டிருந்தது.

நண்பர் ஒருவர் சொற்படி மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை யூ.எஸ்.பி.யிலிருந்து ஓடவிட்டேன். இருபது நிமிடத்தில் திரை சிவந்தது. பழைய றாமை மட்டும் வைத்துச் சோதித்தேன், பிழையில்லை. புதியதை மட்டும் வைத்தேன், அதிலும் பிழையில்லை. இரண்டையும் சேர்த்தால் மட்டுமே கோளாறு. பழையது 2400 வேகத்துக்குச் செய்யப்பட்டது. புதியதன் பெட்டியில் 3200 என்றிருந்தது. கடையில் பயோஸுக்குள் நுழைந்து எக்ஸ்.எம்.பி. என்ற தெரிவை இயக்கியிருந்தார்கள். தான் ஒருபோதும் வாக்களிக்காத வேகத்தில் ஓடும்படி பழையது கட்டாயப்படுத்தப்பட்டிருந்தது. அத்தெரிவை நீக்கி 2400க்கு இறக்கினேன். விடியவிடியச் சோதித்தும் ஒரு பிழை வரவில்லை.

இதில் நான் குறை காண்பது கடைக்காரப் பையனிடம் மட்டுமல்ல. எக்ஸ்.எம்.பி. என்பது நியம வேகத்துக்கு மேலே ஓட்டும் ஏற்பாடு. டி.டி.ஆர்.4 வகையில் 1.2 வோல்ற்றுக்குப் பதிலாகப் பெரும்பாலும் 1.35 வோல்ற்று கொடுத்தே அவ்வேகம் பெறப்படுகிறது. அதைப் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, சாதாரண வேகம்போல விற்பது நேர்மையான வியாபாரமாக எனக்குப் படவில்லை. இயந்திரம் எழும்பிவிட்டது என்பது சோதனையல்ல. தாள் இயந்திரத்தில் ஓடுகிறது என்பதால் பத்திரிகை பிழையின்றி வந்துவிடாது. றாம் மாற்றினால் ஓரிரவு சோதித்த பின்னரே ஒப்படைக்க வேண்டும். கடை செய்யாவிட்டால் வாங்குபவர் செய்ய வேண்டும், அதுவரை பழைய காப்புப்பிரதியில் கைவைக்கக் கூடாது.

இன்னொரு கோபமும் உண்டு. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் எட்டுப் பிட்டுக்கு ஒன்பதாவதாக ஒரு காவற்பிட் இருந்தது. ஒரு பிட் புரண்டால் இயந்திரம் தானே நின்றுவிடும். செலவைக் குறைப்பதற்காக 1990களில் அக்காவல் சாதாரணக் கணினிகளிலிருந்து கழற்றப்பட்டது. ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும் ஈ.சி.சி. நினைவகமோ பெரும்பாலும் சேர்வர்களுக்கென ஒதுக்கப்பட்டது. கூகிளின் சேர்வர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, ஆண்டொன்றில் 8 வீதத்துக்கும் மேற்பட்ட றாம்களில் பிழை ஏற்பட்டதாகக் கூறியது. அங்கே பிழை எண்ணப்படுகிறது, எம் வீடுகளில் எண்ணுவாரில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ் 2021 தொடக்கத்தில் இதற்காக இன்ரெல் நிறுவனத்தைக் கடுமையாகச் சாடினார். அவர் பக்கமே நானும். டி.டி.ஆர்.5 சில்லுகளுக்குள்ளேயே திருத்தம் உண்டென்பார்கள். அது சில்லுக்குள் நிகழும் பிழைக்கு மட்டுமே; சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நிகழ்வதற்கு அங்கே காவலில்லை.

நூல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. மருமகளும் நானும் வரிவரியாக உட்கார்ந்து பார்த்து வருகிறோம். திருத்தக்கூடிய சொற்களைத் திருத்திவிட்டோம். ஒற்றை எண்ணில் முடியும் ஆண்டுகளில் வேறு சான்று கிடைக்காதவை பதினான்கு. அவற்றுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறேன். எழுத்துப்பிழைக்காக என்னிடம் ஒருநாளும் ஏச்சு வாங்காத அம்மனிதரின் நூலில் அக்குறிகள் அப்படியே அச்சாகத்தான் போகின்றன.