தனிக்காரி!

அந்தமானில் இருக்கேன்னு சொன்னதும் காலேஜ் மக்கள் கேட்டது, "தினமும் பீச்தானா மச்சி?" எங்க தாத்தா கேட்டது, "அந்தமானா? நீ என்னத்தா தப்பு பண்ணினே?" அவருக்கு 'அந்தமான் கைதி' எம்.ஜி.ஆர். ஞாபகம். ரெண்டு கட்சிக்கும் என்னுடைய பதில் ஒன்றுதான். இங்கே நான் பக்கெட் எண்ணிக்கொண்டு இருக்கிறேன்!

விஷயம் இதுதான். மூன்றாம் வருஷ ட்ரிபிள்-ஈ. ஆறாவது செமஸ்டர் முழுக்க வெளியே ட்ரெய்னிங். கட்டடங்களின் மொட்டை மாடியில் சோலார் பேனல் மாட்டிப் பராமரிக்கிற ஒரு குட்டி கம்பெனியில் இடம் கிடைத்தது. சென்னையிலிருந்து கப்பலில் பங்க் கிளாஸ், கிட்டத்தட்ட மூன்று நாள், ரெண்டரை நாள் வாந்தி. ஜனவரியில் வந்து இறங்கிய ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆட்டோ அண்ணனிடம் போர்ட் பிளேர் என்றால்தான் சட்டென்று தலையாட்டுகிறார். ஹிந்தியில் தட்டுத் தடுமாறி நான் வழி சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லும்மா" என்றார். 2011 சென்சஸ்படி இங்கே நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். யாருக்கு என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முதல் வாரம் என்னைக் கவிழ்த்தது சூரியன். ஜனவரியில் சாயங்காலம் அஞ்சேகால் மணிக்கு அஸ்தமனம். சென்னையை விடப் பன்னிரண்டு டிகிரி கிழக்கே இருக்கிறோம், ஆனால் கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஐம்பது நிமிஷம் காலி. ஆறு மணிக்கு நல்ல இருட்டு. எட்டரைக்கு எங்கள் தெருவில் நாய்கூடத் தூங்கிவிடும். ஹாஸ்டலில் அந்த நேரத்துக்குத்தான் நமக்கு விடியும், இல்லையா? இங்கே பத்துக்குப் பத்து ரூமில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு தட்டு, நான். தூங்குவதற்கு இன்னும் நாலு மணி நேரம் மிச்சம். தனியாக இருப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கஷ்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு, சொன்ன டைமுக்கு, டாணென்று வரும் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, பக்கெட்டுக்கு வருவோம்.

இங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னைக்குப் பெய்வது போல ரெண்டு மடங்குக்கும் மேலே. பிப்ரவரி, மார்ச்சில் பார்த்தால் குழாயில் காற்று! எங்கள் தெருவில் மூன்று நாளைக்கு ஒரு தடவை தண்ணீர். எப்படி? தீவு சின்னது, மேடு பள்ளம் ஜாஸ்தி. பெய்கிற மழை மொத்தமும் விழுந்தடித்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிடுகிறது. பிடித்து வைக்கப் பெரிய ஆறோ ஏரியோ கிடையாது. ஊருக்குத் தண்ணீர் தருகிற அணைக்குப் பெயர் என்ன தெரியுமா? தனிக்காரி! சத்தியமாக. முதல் தடவை கேட்டபோது என்னைத்தான் யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். ரெண்டு தனிக்காரிகளுக்கும் ஏப்ரல் மாசம் வற்றிப்போன மாசம்.

குளிக்க ஒரு பக்கெட், துவைக்க ஒன்றரை, அந்தத் துவைத்த தண்ணீர் பாத்ரூம் கழுவ. ஹாஸ்டலில் பல் தேய்த்து முடிக்கிற வரைக்கும் குழாயைத் திறந்து விடுகிற ரூம்மேட்டை நினைத்தால் இப்போது ரத்தம் கொதிக்கிறது.

காய்கறியும் அப்படித்தான். மீன், தேங்காய், வாழைக்குப் பஞ்சமில்லை. வெங்காயம், உருளையெல்லாம் கடல் தாண்டி வரவேண்டும். கப்பல் தாமதமானால் விலை ஏறும், வந்தால் இறங்கும். சென்செக்ஸ் மாதிரி! இங்கே நிர்வாகமே நடத்துகிற 'தி டெய்லி டெலிகிராம்ஸ்' பேப்பரில் மக்கள் தேடிப் படிப்பது கப்பல் நேரம்தான். நானும் படிக்க ஆரம்பித்துவிட்டேன். ஊருக்குப் போக அல்ல, சாம்பாருக்கு.

கரண்ட் கதை இன்னும் சுவாரஸ்யம் (இது என் ஏரியா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்). நம் ஊரில் ஒரு இடத்தில் உற்பத்தி குறைந்தால் எங்கிருந்தாவது கிரிட்டில் வந்துவிடும். இங்கே வராது. பெரிய கிரிட்டுக்கும் இந்தத் தீவுக்கும் இணைப்பே இல்லை. பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்தான், அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. நம் நெய்வேலி என்.எல்.சி. இங்கே 20 மெகாவாட் சோலார் போட்டிருக்கிறது. கூடவே 8 மெகாவாட்-ஹவர் பேட்டரி. பேட்டரி எதுக்கு? ஒரு மேகம் சூரியனை மறைத்தால் சோலார் உற்பத்தி பொத்தென்று விழும். பெரிய கிரிட்டில் அது கடலில் கரைத்த பெருங்காயம், சின்ன கிரிட்டில் ஃப்ரீக்வென்சியே ஆட்டம் காணும். ஜெனரேட்டர் சுதாரித்துக்கொள்கிற வரைக்கும் பேட்டரி தாங்கிப் பிடிக்கும். பவர் சிஸ்டம்ஸ் பேப்பரில் பதினாறு மார்க்குக்கு மனப்பாடம் செய்த சமாச்சாரம், என் ரூம் ஃபேன் வேகத்தில் தெரிகிறது.

போன் மட்டும் பிரச்னை இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடியில் கேபிள் போட்டு முடித்தார்கள். அதுக்கு முன்னாடி சாட்டிலைட்டை நம்பித்தான் நெட். அந்தக் காலத்தில் வந்திருந்தால் அம்மாவின் வீடியோ கால் வந்திருக்காது. "சாப்பிட்டியா?"வுக்கு மூன்று வேளையும் படத்தோடு பதில் அனுப்ப வேண்டியதும் இருந்திருக்காது.

மார்ச் மாசம் ஒரு ராத்திரி, பதினொன்றரை இருக்கும். கட்டில் நகர்ந்தது. நிஜமாகவே! தட்டு அடுப்பின் மேல் கிணுகிணுவென்று ஆடியது. அந்தமான் முழுக்கவே நில அதிர்வு ஆபத்து அதிகமுள்ள பகுதி என்று படித்திருக்கிறேன். ஆனால் படித்தது எதுவும் அந்த நேரத்தில் கால்களுக்குத் தெரியவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறேன். படபடவென்று கதவைத் தட்டுகிற சத்தம். "ஏம்மா, வெளியே வா! செருப்பெல்லாம் தேடாதே, வா!" கீழ் வீட்டு அக்கா. அதாவது ஹவுஸ் ஓனர். அதுவரை எங்களுக்குள் பேச்சு வார்த்தை என்றால் வாடகை, தண்ணீர் மோட்டார், அவ்வளவுதான்.

தெருவே வெளியே நின்றது. பெங்காலி குடும்பம், மலையாளி டீச்சர், ராஞ்சிக்காரத் தாத்தா, எல்லாரும் நைட்டியிலும் லுங்கியிலும். பத்து விநாடிகூட ஆடியிருக்காது. ஒருத்தரும் உள்ளே போகவில்லை. அக்கா என் மணிக்கட்டை விடவே இல்லை. அவங்க அப்பா ராமநாதபுரம் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்தவர். 2004 டிசம்பர் 26 காலையில் ஜங்லிகாட் பக்கம் வீட்டுக்குள் கடல் தண்ணீர் வந்ததை அக்கா சொன்னார்கள், கதை மாதிரி இல்லை, ரேஷன் கடைக்குப் போய் வந்ததைச் சொல்வது மாதிரி. கடைசியில், "எல்லாரும் வந்துட்டாங்க, மாடிப் பொண்ணு மட்டும் வரலியேன்னு பார்த்தேன்" என்றார்கள். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்த லிஸ்ட்டில் நானும் இருந்திருக்கிறேன்!

அதுக்கப்புறம் ஆறு மணி இருட்டுக்கு நான் கீழே போய்விடுகிறேன். அக்கா வைக்கிற சூரை மீன் குழம்புக்காக என்று வெளியே சொல்லிக்கொள்வேன். அவங்க பொண்ணு ப்ளஸ் டூ, நான் கணக்கு சொல்லித் தர ஆரம்பித்தேன்.

மே மாசம் மூன்றாவது வாரம் மழை வந்துவிட்டது. குழாயும் திருந்திவிட்டது. ரிசல்ட்டும் வந்தது, நல்ல மார்க். பொண்ணுக்குத் தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. இங்கேயும் ஒரு அரசு இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கிறது, "இங்கயே படியேன்" என்று அக்கா பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். அவள் மசியவில்லை. நான் ஜூன் கடைசியில் கிளம்புகிறேன், அவள் ஜூலையில் அதே பங்க் கிளாஸில் எதிர்த் திசையில்... இல்லை இல்லை, அதே திசையில்தான், எனக்குத்தான் அது ஊர், அவளுக்கு 'மெயின்லேண்ட்'. அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது.

நேற்று ராத்திரி அக்கா இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே, காதை மட்டும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்கள். பொண்ணு ஒரு நோட்டில் கேள்வி எழுதி வைத்துக்கொண்டு என்னைப் பேட்டி எடுத்தாள். ஹாஸ்டல் தண்ணீர் தினமும் வருமா? மீன் போடுவாங்களா? சாயங்காலம் எத்தனை மணிக்கு இருட்டும்?

"ஆறரை ஆகும்."

"ஆறரை வரைக்கும் வெளிச்சமா!" எழுதிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "தனியா படுத்தா தூக்கம் வருமா அக்கா?"

அக்காவின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு செகண்ட் யோசித்தேன்.

"முதல் ரெண்டு மாசம் வராது" என்றேன்.

அவள் அதையும் எழுதிக்கொண்டு, எழுந்து போய் காலண்டரில் செப்டம்பரைத் திருப்பிப் பார்த்தாள்.