பாம்புக்கு நிறமூட்டும் பொடிகள்: சங்கத்தின் நிலைப்பாடு

வளர்ப்புப் பாம்புகளின் நிறத்தைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படும் சத்துப்பொடிகளையும் சொட்டுமருந்துகளையும் கொடுக்கக் கூடாது என்பது சங்கத்தின் நிலைப்பாடு. சத்துக்குறைவைக் கண்டறிந்து கால்நடை மருத்துவர் எழுதித் தருபவை இதில் சேரா.

தீனியால் நிறம் கூடும் என்ற நம்பிக்கை பறவை வளர்ப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். பூநாரையின் இளஞ்சிவப்பு, அது தின்னும் பாசியிலும் சிற்றிறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமியால் வருவது. தீனியில் அது குறைந்தால் அடுத்து முளைக்கும் இறகு வெளிறிவிடும். இறகு உதிர்த்து முளைக்கும் பருவத்தில் கேனரிக்கு நிறத்தீனி வைப்பதும் அதனால்தான் பலிக்கிறது.

பாம்பிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து உலகெங்கும் வளர்ப்புக்குப் போன கார்ன் பாம்பையே எடுத்துக்கொள்ளலாம். அதன் கறுப்பு மெலனின், உடலே தயாரிப்பது. சிவப்பு, மஞ்சள் செல்களில் உள்ள டெரிடின் நிறமிகளும் அப்படியே. கறுப்பே இல்லாத ‘அமெல்’ வகையில் ஓசிஏ2 என்ற மரபணு கெட்டுப்போயிருப்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கறுப்பை எந்தப் பொடியாலும் வரவழைக்க முடியாது. வானவில் போவாவின் மினுமினுப்போ நிறமியே அல்ல. செதிலின் நுண்ணிய மேற்பரப்பில் பட்ட ஒளி பிரிந்து காட்டும் ஜாலம்.

ஒரு விலக்கு உண்டு. சிவப்பு நிறமி இல்லாத ‘அனெரி’ கார்ன் பாம்பின் கழுத்தில் வயது ஏற ஏற மஞ்சள் படியும். இரையிலிருந்து சேரும் கரோட்டினாய்டே காரணம் என்பது வளர்ப்போர் சொல்லும் விளக்கம். அதை ஏற்றாலும், சாம்பல் நிறத்துக்காகவே விலை கொடுத்து வாங்கிய பாம்பில் அது யாரும் கேட்காத மஞ்சள்.

அப்படியானால் விளம்பரப் படங்களில் தெரியும் பளபளப்பு எங்கிருந்து வருகிறது? பல நேரங்களில் சட்டை உரித்ததிலிருந்து. உரிப்பதற்கு முன் பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் இடையே நீர் ஊறும். உடல் மங்கும், கண்ணில் நீலம் கலந்த பால் படிந்தாற்போல் இருக்கும். சில நாளில் கண் தெளியும்; பிறகு மூக்கு நுனியை மரக்கட்டையில் உரசி, காலுறையைக் கழற்றுவதுபோல் சட்டையை உள்வெளியாகக் கழற்றிவிட்டுப் பாம்பு புதிதாக வெளிவரும். மங்கிய நாளில் ஒரு படமும் உரித்த மறுநாள் ஒரு படமும் எடுத்தால் வெறும் தண்ணீரைக்கூட நிறமருந்து என்று விற்றுவிடலாம்.

பலன் இல்லை என்பதோடு போவதில்லை. முழு எலியை விழுங்கும் பாம்புக்கு அந்த எலியின் ஈரலிலிருந்தே வைட்டமின் ஏ கிடைக்கிறது. கொழுப்பில் கரையும் இந்த வைட்டமின் பொடியாலும் சேர்ந்து மிகையானால் சிறுநீரோடு வெளியேறாமல் உடலில் தேங்கும். ஊர்வனவற்றில் தோல் புண்ணாகி உரியும் அளவுக்கு நஞ்சாகலாம். கரோட்டினாய்டும் தீங்கற்றது என்று சொல்லிவிட முடியாது. மேனியை மாநிறமாக்க கேந்தாசாந்தின் என்ற கரோட்டினாய்டு மாத்திரை விழுங்கிய மனிதர்களின் விழித்திரையில் படிகங்கள் படிந்த வரலாறு உண்டு. மேலும் பாம்பு இரையை மணத்தால் அறிவது. பொடி பூசிய எலியை அது தொடாமலே விடக்கூடும்.

விற்பனையாளர்கள் ‘முன்–பின்’ படங்களை வெளியிட்டால், இரண்டும் சட்டை உரித்த எத்தனையாவது நாளில், எந்த விளக்கொளியில் எடுக்கப்பட்டவை என்பதைக் குறிப்பிட வேண்டும் என்று சங்கம் கோருகிறது. உரித்த பின்னும் நிறம் மங்கியே இருந்தால் கூண்டின் ஈரப்பதம், உடலில் ஒட்டி நிற்கும் பழஞ்சட்டை, செதிலிடுக்கில் உண்ணி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் குறையில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.