அரிசி மூட்டை தானா நடந்து வரலை

ஓம் சரவணபவ.

தைப்பூசம் நெருங்குது. அன்னதானத்துக்கு சாமான் லிஸ்ட் போடுற நேரம் இது. இந்த நேரத்துல இதை எழுதணுமான்னு யோசிச்சோம். இந்த நேரத்துலதான் எழுதணும்னு முடிவு பண்ணினோம். கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க.

ஒரு சமயம் நம்ம வாட்ஸ்அப் குழுவுல நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆஸ்திரேலியாவுல இருக்குற சொந்தக்காரங்க அனுப்பினதா ஒரு படம் வந்துச்சு. பெரிய சூப்பர்மார்க்கெட், உள்ளே தட்டெல்லாம் காலி. கிடங்கு வேலையாட்கள் ஸ்ட்ரைக்னு கீழே எழுதியிருந்துச்சு. அதுக்கு நம்ம ஆளுங்க போட்ட பதில் என்ன?

"பண்டிகை நேரத்துல இப்படிப் பண்றது பாவம்."

"பிடிக்கலைன்னா வேற வேலைக்குப் போகட்டும்."

"கடைசியில விலையை ஏத்துவான். நம்ம தலையிலதான் விழும்."

"நல்லவேளை, நம்ம நாட்டுல இதெல்லாம் இல்லை."

மூணு பேர் கை கூப்பின படம் போட்டாங்க. அதுக்கப்புறம் யாரோ முருகன் பாட்டு அனுப்ப, பேச்சு முடிஞ்சு போச்சு. எங்க மனசுல மட்டும் முடியலை. ஏன்னா, அந்தப் பதில்கள்ல ஒண்ணு எங்க குழுத் தொண்டர் ஒருத்தர் போட்டது. அதனால யாரையும் கை காட்டி எழுதலை. எங்களையும் சேர்த்துத்தான் எழுதுறோம்.

முதல்ல, அந்த ஸ்ட்ரைக் எதுக்குன்னு தெரிஞ்சுக்குவோம். ஆஸ்திரேலியாவுல உல்வொர்த்ஸ் பெரிய மளிகை நிறுவனம். அதோட கிடங்குகள்ல 1,500க்கும் மேற்பட்டவங்க 2024 நவம்பர் 21ஆம் தேதி வேலையை நிறுத்தினாங்க. 17 நாள் நடந்துச்சு. சம்பளம் ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் எங்களை உறுத்துச்சு. ஒரு ஆர்டருக்கான சாமானை எடுத்து முடிக்க எத்தனை நிமிஷம்னு கம்பெனி கணக்குப் போட்டு வைக்குது. அந்த வேகத்தை 100 விழுக்காடு எட்டலைன்னா நடவடிக்கை எடுக்குறாங்கங்கிறது சங்கத்தோட குற்றச்சாட்டு. மனுஷன் மிஷின் இல்லைன்னாங்க. கம்பெனி தன் பக்கம், இது நியாயமான முறை, பாதுகாப்பைப் பார்த்துத்தான் வெச்சிருக்கோம்னு சொல்லுச்சு.

ரெண்டு பக்கமும் பேசுறதை நாங்க கேட்போம். ஏன்னா நாங்க ரெண்டு பக்கமும் நின்னவங்க. எங்க தொண்டர் குழுவுல தொழிற்சாலை சூப்பர்வைசர்களும் இருக்கோம். டார்கெட் போர்டுல நம்பர் எழுதின கை எங்க கை. ஸ்டாப்வாட்ச் பிடிச்ச கையும் இதே கைதான். அதனால ஒரு ரகசியம் சொல்றோம். ஒரு மணிக்கு 60 பீஸ்னு எழுதுறோம். அந்த 60ஐ எப்ப எண்ணினோம்? காலையில எட்டு மணிக்கு, நல்லா தூங்கி எழுந்து வந்த திடகாத்திரமான ஆளை நிக்க வெச்சு எண்ணினோம். ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு, இடுப்பு வலியோட நிக்கிற ஐம்பது வயசு அக்காவுக்கும் அதே 60தான். போர்டுக்கு வயசு தெரியாது. வலி தெரியாது. மாசத்துல அந்த மூணு நாள் தெரியாது. ஆஸ்திரேலியாக்காரன் கேட்டது இதைத்தான். நியாயம் இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா?

கடைசியில என்ன ஆச்சு? அந்த நாட்டுத் தொழில் ஆணையம் தலையிட்டு, கிடங்கு வாசல்ல வழி மறிக்கிறதை நிறுத்தச் சொல்லுச்சு. மறுநாளே ரெண்டு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தாங்க. மூணு வருஷத்துல சுமார் 11 விழுக்காடு சம்பள உயர்வு. வேகம் பத்தலைன்னு தண்டிக்கிறதில்லைன்னும் கம்பெனி ஒத்துக்கிச்சு. விற்பனையில ஏறக்குறைய 14 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்புன்னு கம்பெனியே சொன்னது. அத்தனை கோடி போன பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துச்சு. முதல் நாளே உட்கார்ந்து பேசியிருந்தா ஒரு தட்டும் காலியாகி இருக்காது. அப்போ தட்டு காலியானதுக்கு வேலையாள் மட்டுமா காரணம்?

இப்ப நம்ம ஆளுங்க போட்ட பதில்களுக்கு வருவோம்.

"விலை ஏறும்." சரி. சம்பளம் ஏறாத வருஷத்துல விலை ஏறாம இருந்துச்சா? சமையல் எண்ணெய், முட்டை, தேங்காய், எது இறங்குச்சு? அதே உல்வொர்த்ஸ் மேலயும் இன்னொரு பெரிய கடை மேலயும், விலையைக் குறைச்சோம்னு பொய்யா விளம்பரம் செஞ்சாங்கன்னு 2024 செப்டம்பர்ல ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையமே வழக்குப் போட்டுச்சு. தீர்ப்பு எப்படியோ இருக்கட்டும். ஆனா விலை ஏறினா உடனே கேஷியர் பிள்ளையைப் பார்த்து முறைக்கிற பழக்கத்தை நாம விடணும்.

"வேற வேலைக்குப் போகட்டும்." இதை நம்ம வாய்ல இருந்து கேட்டதுதான் ரொம்ப வலிச்சது. சுங்கை சிப்புட், கோப்பேங், பத்து காஜா பக்கத் தோட்டங்கள்ல லயத்து வீட்டுல பிறந்தவங்க நம்மள்ல எத்தனை பேர்! பால் வெட்டப் போன நம்ம பாட்டிக்கும் துரை இதைத்தான் சொன்னான். பிடிக்கலைன்னா போ. எங்கே போறது? வேலை போனா வீடும் போச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடமும் போச்சு. இன்னைக்கு சூப்பர்மார்க்கெட்ல நிக்கிற நம்ம பிள்ளைக்கும் மோட்டார் கடன், வீட்டு வாடகை, அம்மாவோட மருந்துச் செலவு. அதுவும் எங்கே போகும்?

"நம்ம நாட்டுல இதெல்லாம் இல்லை." இது பெரிய மறதி. 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள்ல ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையை நிறுத்தினாங்க. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தினார். அவங்க கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்குற அளவு சம்பளம். பிள்ளைகளுக்குப் படிப்பு. நம்ம பெண்கள் மேல கை வைக்கக் கூடாது. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடணும். துரை எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கிற கேவலம் வேண்டாம். சொந்தக்காரங்க தோட்டத்துக்குள்ள வந்து போக அனுமதி வேணும். நாதனைப் பிடிச்சு நாடு கடத்தினாங்க. துருப்புகளை இறக்கினாங்க. துப்பாக்கிச் சூட்டுல உயிர்கள் போச்சு.

கோயிலுக்குள்ள அரசியல் வேண்டாம்னு சொல்றவங்களைக் கேக்குறோம். கள்ளுக்கடையை மூடுன்னு கேட்டது அரசியலா? குடும்பத்தைக் காப்பாத்துற வேலையா? இன்னைக்கு நாம மேடை போட்டு மதுவை ஒழிப்போம்னு பேசுறோம். அதை நமக்கு முன்னாலேயே, சம்பளத்தை இழந்து, அடி வாங்கிக் கேட்டவங்க அந்த ஸ்ட்ரைக்காரங்கதான்.

எங்க அம்மாமார் ஒண்ணு சொல்லுவாங்க. தோட்டத்துல வேலை நின்னா அரிசி எங்கிருந்து வரும்? கடைக்காரர் 555 நோட்டுப் புத்தகத்துல எழுதிக்கிட்டுக் கொடுப்பார். சில கடைக்காரர் கதவைச் சாத்துவார். யார் கொடுத்தார், யார் சாத்தினார்னு அம்மா சாகுற வரைக்கும் மறக்கலை. அன்னைக்கு வேலையாள் வாசல்ல நின்னான், கடைக்காரர் பக்கம் எடுத்தார். இன்னைக்குக் கடையிலேயே வேலை நின்னா, பக்கம் எடுக்க வேண்டியது வாங்கப் போற நாமதான்.

நம்ம ஈப்போவுக்கே வாங்க. 2020 ஜூன் 2ஆம் தேதி ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் பதாகை பிடிச்சு நின்னவங்கள்ல 5 பேரைப் போலீஸ் கைது பண்ணுச்சு. நடமாட்டக் கட்டுப்பாட்டை மீறினாங்கன்னு காரணம். கோவிட் நேரத்துல அந்த மருத்துவமனையோட தரையைத் துடைச்சவங்களுக்காகக் கேட்டாங்க. அன்னைக்கு நாங்க என்ன பண்ணினோம்? முகநூல்ல ஒரு லைக் போட்டுட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டோம். அதுதான் உண்மை.

நம்ம நாட்டுல கடைத் தொழிலாளி நினைச்ச உடனே வேலையை நிறுத்த முடியாது. சங்கம் இருக்கணும், ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும், அரசாங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கணும். பெரும்பாலான கடைப் பிள்ளைகளுக்குச் சங்கமே கிடையாது. 1967ஆம் வருஷத் தொழிலியல் உறவுச் சட்டப்படி, வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல அமைதியா நின்னு விஷயத்தை எடுத்துச் சொல்லலாம். அதுவும் அந்தப் பிரச்சினையில சம்பந்தப்பட்ட தொழிலாளி மட்டும்தான். நாம போய்க் கூட நிக்க முடியாது. ஆனா இந்தக் கடையில வாங்கியே ஆகணும்னு நம்மைக் கட்டாயப்படுத்துற சட்டம் ஒண்ணும் இல்லை. முழு சுதந்திரம் இருக்குறது வாங்குறவங்களுக்குத்தான். அந்த சுதந்திரத்தை வெச்சுக்கிட்டுத் திட்ட மட்டும்தான் செய்வோமா?

வேற மதத்துக்காரங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. 2019 ஏப்ரல்ல அமெரிக்காவுல ஸ்டாப் அண்ட் ஷாப்ங்கிற மளிகைக் கடைகள்ல 31,000 பேர் 11 நாள் வேலையை நிறுத்தினாங்க. யூதர்களோட பஸ்கா பண்டிகை சரியா அதே நேரத்துல. அந்தப் பண்டிகைக்குன்னு தனிச் சுத்தம் பார்த்துத்தான் சாப்பாட்டுச் சாமான் வாங்குவாங்க. அந்த வட்டாரத்துல அந்தக் கடையை நம்பி இருந்தவங்க நிறைய. அப்படியும் அவங்க குருமார்கள் சிலர், மறியலைத் தாண்டிப் போய் வாங்காதீங்கன்னு சபை மக்களைக் கேட்டுக்கிட்டாங்க. பண்டிகைக்கு வாங்குற சாமானுக்கு, சுத்தம்னா பாத்திரச் சுத்தம் மட்டும் இல்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

நமக்குத் தெரியாதா? நாம மடி பார்க்குறோம், தீட்டுப் பார்க்குறோம். அன்னதானச் சமையலுக்கு முன்னால குளிச்சிட்டு வான்னு தொண்டரைத் திருப்பி அனுப்புறோம். ஆனா அந்த அரிசி மூட்டை தானா நடந்து வரலை. யாரோ லாரியில ஏத்தினாங்க, யாரோ இறக்கினாங்க, யாரோ பத்து மணி நேரம் நின்னு பில் போட்டாங்க.

எங்க தப்பையும் சொல்லிடுறோம். போன தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி, பிரசாதச் சாமான் வாங்க ஒரு கடைக்குப் போனோம். வரிசை கதவு வரைக்கும் நின்னுச்சு. கேஷியர் பிள்ளை நம்ம பிள்ளைதான், நெத்தியில திருநீறு. கால் மாத்திக் கால் மாத்தி நின்னுச்சு. "சீக்கிரம் போடும்மா, கோயில் காரியம்"னு எங்களில் ஒருத்தர் அதட்டினார். அந்தப் பிள்ளை நிமிர்ந்து கூடப் பார்க்கலை. "சாரி அங்கிள், இன்னும் சாப்பிடலை, கை நடுங்குது"ன்னு சொல்லுச்சு. ஐநூறு பேருக்கு அன்னம் போட சாமான் வாங்கப் போன நாங்க, கண்ணு முன்னால பசியோட நின்ன ஒரு பிள்ளையைப் பார்க்கலை. திரும்பி வரும்போது வேன்ல யாரும் பேசலை.

எல்லா ஸ்ட்ரைக்கும் நியாயம்னு நாங்க சொல்ல வரலை. வீம்புக்கு நிறுத்துறவங்களும் உண்டு. லிட்டில் இந்தியாவுல நாலு பேரை வெச்சு, வாடகை கட்ட முடியாம தடுமாறுற நம்ம சின்னக் கடைக்காரரையும், நாடு பூராவும் கிளை வெச்சிருக்குற பெரிய கடையையும் ஒரே தராசுல வைக்கவும் கூடாது. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,500ல இருந்து 1,700 வெள்ளி ஆச்சு. அஞ்சு பேருக்குக் குறைவா வெச்சிருந்தவங்களுக்கு அந்த வருஷம் ஆகஸ்டு வரைக்கும் அவகாசம் இருந்துச்சு. அவங்க கஷ்டம் நமக்கும் தெரியும். நாங்க கேக்குறது இவ்வளவுதான்: தீர்ப்புச் சொல்றதுக்கு முன்னால என்ன குறைன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

எங்க குழு இந்தத் தைப்பூசத்துல இருந்து மூணு விஷயம் செய்யப் போகுது.

ஒண்ணு. எந்தக் கடை வாசல்லயாவது தொழிலாளிங்க துண்டுப் பிரசுரம் கொடுத்தா, வாங்கிப் படிப்போம். அந்தப் பிரச்சினை தீர்ற வரைக்கும் கோயில் சாமானை வேற கடையில வாங்குவோம். நாலு வெள்ளி கூடுதலானா எங்க கையில இருந்து போடுவோம். உண்டியல் காசைத் தொட மாட்டோம்.

ரெண்டு. அன்னதானச் சாமான் வாங்கப் போற நாள்ல, கடைப் பிள்ளைகளுக்கும் லாரி ஆளுங்களுக்கும் பொட்டலம் கொண்டு போவோம். எந்த நாட்டுக்காரரா இருந்தாலும், எந்த மதமா இருந்தாலும்.

மூணு. இதுதான் கஷ்டமானது. கோயில்ல சம்பளத்துக்கு இருக்குற சமையல்காரர், கூட்டுறவங்க, நாதஸ்வரம் மேளம் வாசிக்கிறவங்க, இவங்களுக்குச் சம்பளம் நாள் தவறாம போகுதா, ஓய்வு நாள் உண்டான்னு வர்ற பொதுக்கூட்டத்துல எழுந்து கேட்போம். வெளியில இருக்குறவனுக்கு நியாயம் பேசிட்டு நம்ம வீட்டுக்குள்ள கண்ணை மூடினா முருகன் சிரிப்பான். நிர்வாகத்துல சிலருக்குக் கோபம் வரும்னு தெரியும். வரட்டும். தொண்டுக்கு வந்தவங்க நாங்க, பதவிக்கு வரலை.

புந்தோங்ல இருந்து குனோங் சீரோ கல்லுமலைக்குப் பால்குடம் தூக்கி நடக்கும்போது கால் கொதிக்கும். ஒரு நாள்தான். அதுக்கே நாம எவ்வளவு புண்ணியம் எதிர்பார்க்குறோம்! வருஷம் முழுக்க நின்ன கால்ல நிக்கிற அந்தப் பிள்ளைங்க ஒரு நாள் வாசல்ல வந்து உட்கார்ந்தா, ஏன் உட்கார்ந்தேன்னு அதட்டாதீங்க. என்னம்மா ஆச்சுன்னு கேளுங்க.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா கீழே எழுதுங்க. மரியாதையோட பேசுவோம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா.

இப்படிக்கு,
தொண்டர் குழு, ஈப்போ