காருக்கு மெழுகு பூசப் போய்...

போன இதழில் பித்தளைக் குத்துவிளக்கைப் பளபளப்பாக்குவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த என் நாத்தனார், "விளக்கு இருக்கட்டும் அண்ணி, காரை என்ன பாடு படுத்தினீங்கன்னு எழுதலையே!" என்று சிரித்தாள். சரி, அதையும் எழுதிவிடுகிறேன். நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம்.

எங்களுடையது வெள்ளை மாருதி 800. 1997-ல் என் மாமனார் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. இப்போது அவரால் ஓட்ட முடிவதில்லை. ஆனாலும் காலைக் காப்பி ஆனதும் திண்ணைக்கு வந்து அதைப் பார்த்தபடிதான் உட்காருவார். வேப்பமரத்தடியில் நின்று நின்று வண்டி மங்கிவிட்டது. அவருடைய பிறந்தநாளுக்குள் மினுங்க வைத்துவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

கையால் தேய்த்தால் தோள்பட்டை போய்விடுமே என்று தம்பியிடம் மெஷின் கேட்டேன். அவன் கொண்டு வந்தது டைல்ஸ் அறுக்கிற கிரைண்டர்! முனையில் ஒரு கம்பளி வட்டை மாட்டி, "இதுவே போதும்க்கா" என்றான். தினமும் மிக்ஸி ஓட்டுகிற தைரியத்தில் நானும் சுவிட்சைத் தட்டினேன். பானட் ஓரத்தில் கொஞ்சம் அழுந்தியது. அவ்வளவுதான்! நாலு விரல் நீளத்துக்கு வெள்ளை போய், உள்ளே சாம்பல் நிறம் பல்லை இளித்தது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

எங்கள் தெருக்கோடியில் கார் பெயிண்ட் அடிக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். அறுக்கிற கிரைண்டர் நிமிஷத்துக்கு 10,000 தடவைக்கு மேல் சுற்றுமாம். அந்தச் சூட்டைப் பெயிண்ட் எப்படித் தாங்கும்? இப்போது வருகிற கார்களில் நிறத்தின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறதே, அதன் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான். வளைவிலும் ஓரத்திலும் அதைவிட மெலிசு.

மெழுகு பூச ஏற்றது, தட்டு சுற்றிக்கொண்டே ஆட்டமும் ஆடுகிற பாலிஷ் மெஷின். 'டூயல் ஆக்‌ஷன்' என்று கேட்டு வாங்குங்கள். ரொம்ப அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திவிட்டு வெறுமனே அதிரும். நம்மைப் போலக் கற்றுக்குட்டிகளுக்கு அதுதான் பாதுகாப்பு. அடுத்த தெருவில் ஒருவரிடம் இருந்ததை இரவல் வாங்கி, மறுபடி ஆரம்பித்தேன்.

முதல் நாளே காரை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்தேன். மண் துகள் ஒன்று இருந்தாலும் மெஷின் அதை வண்டி பூராவும் கோலம் போட்டுவிடும். பஞ்சு கீழே விழுந்தால், அதை அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். பாத்திரம் கழுவுகிற சோப்பும் வேண்டாம், பிறகு அது மெழுகையே எடுத்துவிடும். பறவை எச்சத்தைச் சுரண்டாமல் ஈரத்துணி போட்டு ஊறவைத்துத் துடையுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் மெழுகு பட்டால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் அங்கெல்லாம் காகித டேப் ஒட்டினேன்.

நிழலில், பானட் தொட்டால் குளுமையாக இருக்கும்போது செய்ய வேண்டும். மெழுகைப் பஞ்சில் வேர்க்கடலை அளவு நாலு இடத்தில் தொட்டு வைத்து, பஞ்சைக் காரின்மேல் பதித்த பிறகுதான் சுவிட்ச். இல்லாவிட்டால் முகமெல்லாம் அபிஷேகம்! வேகம் இருப்பதிலேயே குறைவு. இரண்டு அடிச் சதுரமாக, அழுத்தாமல், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி மெலிசாக. தடிமனாகப் பூசினால் துடைக்கத்தான் கஷ்டம். பத்து நிமிஷம் பொறுத்து விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். இழுபடாமல் சுத்தமாக வந்தால், மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடலாம். கீறலை மெழுகு எடுக்காது, பளபளப்புத்தான் தரும். அந்த டப்பாவில் இருந்தது கார்னாபா மெழுகு. பிரேசிலில் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுக்கிறார்களாம். நம்ம பனைக்குத் தூரத்துச் சொந்தம்!

அதைவிட முக்கியம், முந்தானையை இழுத்துச் செருகுங்கள். துப்பட்டா, தாலிச் சங்கிலி, பின்னல் எதுவும் தொங்கக்கூடாது. ஒயரைத் தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள், ஈரத் தரையில் நிற்காதீர்கள். குழந்தைகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சை மாற்றும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கதவு, பானட், கூரை முடிய முழுக் காலைப்பொழுது ஆயிற்று. வேப்பமரக் கிளை அதில் தெரிந்தது! விளிம்புகளை மட்டும் மெஷினால் தொடவில்லை, கையால்தான். அந்த நாலு விரல் இடத்துக்குப் பெரியவர் பெயிண்ட் தொட்டு வைத்திருந்தார். உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும். அதன் பக்கத்தில் துணியோடு தயங்கி நின்றேன். திண்ணையிலிருந்து மாமா ஸ்டூலை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஓரத்தை மட்டும் என்கிட்ட விட்டுடு" என்று கையை நீட்டினார்.