எந்த அஸீஸ்?

கடந்த தவணையில் எமது பாடசாலையில் ஒரு பேச்சுப் போட்டி நடந்தது. தரம் 10 மாணவன் ஒருவன் 'அறிஞர் அஸீஸ்' என்ற தலைப்பில் பேசினான். அவர் 1867இல் பிறந்தாராம், பொன்னம்பலம் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினாராம், கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தாராம், மஸ்கெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றத்தில் தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தாராம், 1973இல் வபாத்தானாராம். கூட்டிப் பார்த்தால் நூற்றாறு வயது. சபை கைதட்டியது. நடுவர் மூவரில் நான் மட்டும் புள்ளியைக் குறைத்தேன். பக்கத்திலிருந்தவர் சொன்னார்: "எல்லாரும் நம்மட பெரியாக்கள்தானே சேர், விடுங்க."

விட முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாணவனை நான் குறை கூறவில்லை. அவன் ஒரு விழா மலர்க் கட்டுரையைப் பார்த்து மனனம் செய்திருந்தான். எழுதியவர் பட்டதாரி. மூன்று மனிதரை ஒரு கபுறில் அடக்கிவிட்டு அதன்மேல் ஒரு மாலையையும் போட்டிருக்கிறார். இப்படிப்பட்ட மலர்கள் நமது சமூகத்தில் குறைவில்லை.

முதலாமவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் (1867–1915). சித்திலெவ்வை தொடக்கிவைத்த விழிப்புணர்ச்சியின் அடுத்த தலைமுறை, பத்திரிகையாளர். 1888இல் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று றோயல் ஆசியக் கழகத்தில் கட்டுரை படித்தார். அப்போது அவர் சட்ட நிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. சோனகருக்குத் தனி ஆசனம் கிடைத்தது அடுத்த ஆண்டு, 1889இல். ஆகவே அது வெறும் ஆராய்ச்சித் தர்க்கமல்ல என்பது வெளிப்படை. அந்தக் கட்டுரைக்கு அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. சோனகர் அரபு வழியினர், தனி இனத்தவர் என்பது அவர் நிலைப்பாடு.

இரண்டாமவர் ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911–1973). யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபர். தனிச் சிங்களக் கொள்கையை ஏற்க முடியாமல் 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகிய செனட்டர். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலைத் தமிழில் எழுதியவர். அவர் மறைந்த பிறகு அவருக்குக் கௌரவக் கலாநிதிப் பட்டம் வழங்கியது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்.

மூன்றாமவர் ஏ. அஸீஸ் என்று அறியப்பட்ட அப்துல் அஸீஸ். குஜராத்தின் போர்பந்தரைச் சேர்ந்தவர்; தொழிற்சங்கவாதி. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது; அந்தப் பாராளுமன்றத்தில் மஸ்கெலியா பின்னர் அவருடையதாயிற்று. மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1952 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. பின்னர் தொண்டமானோடு முரண்பட்டுப் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நடத்தினார். அவர் பின்னால் நின்ற தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர்.

இம்மூவரையும் ஒருவராக்கினால் நட்டம் யாருக்கு? நமக்குத்தான். முதல் அஸீஸ் 'நாங்கள் தமிழரல்லர்' என்று வாதாடினார். இரண்டாம் அஸீஸ் தமிழ்மொழிக்கு அநீதி நடந்தபோது பதவியிலிருந்த கட்சியைத் துறந்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றனவா, அல்லது ஒரு சமூகம் தன் தனித்துவத்தையும் வைத்துக்கொண்டு தன் மொழிக்காகவும் நிற்கலாமா? நாற்பது ஆண்டுகளாகக் கிழக்கில் நாம் இரத்தம் சிந்திக் கேட்கும் கேள்வி இதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே கடந்து போவதற்கு மிக வசதியான வழி, இரண்டு அஸீஸையும் ஒரே அஸீஸாக்கிவிடுவது. மூன்றாமவரைச் சேர்த்துக்கொள்வது இன்னும் வசதி. மலையகத் தொழிலாளருக்காக நாம் ஒன்றும் செய்யாமலேயே, செய்ததாகப் பெருமைப்படலாம் அல்லவா?

எனக்குப் பெயர்க் குழப்பத்தின் விலை வேறோர் இடத்திலும் தெரியவந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கந்தளாய்க்கு ஓடினோம். நான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியன். முகாமில் நிவாரணப் பட்டியல் எழுத உதவினேன். எங்கள் பகுதியில் ஒரே பெயரில் இரண்டு மீனவர்கள். ஒருவர் கரைவலைக்காரர், மற்றவர் தோணிக்காரர். பட்டியலைச் சரிபார்த்த ஒருவர் ஒரே பெயர் இரு தடவை வந்திருக்கிறதென்று ஒன்றை வெட்டினார். தோணிக்காரர் வீட்டில் ஏழு பேர். அந்த வாரம் அவர்களுக்கு அரிசியும் பருப்பும் இல்லை. வெட்டியவர் கெட்டவர் அல்லர். தகப்பன் பெயரை எழுதும் நிரலை வெறுமையாக விட்டவன் நான். அன்றிலிருந்து முதலெழுத்தில்லாத பெயரைப் பார்த்தால் எனக்குப் பயம்.

'பேர் ஒன்றானால் என்ன, பெரியார்கள்தானே' என்பவர்கள் நம் இமாம்களிடம் கேட்கட்டும். ஹதீஸ் கலை வல்லுநர் கதீபுல் பக்தாதி (ஹிஜ்ரி 463இல் வபாத்) ஒரே பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே 'அல் முத்தபிக் வல் முப்தரிக்' என்று தனி நூல் எழுதினார். பெயரில் ஒன்றுபட்டோர், ஆளில் வேறுபட்டோர் என்பது அதன் கருத்து. இருவரை ஒருவராகவும் ஒருவரை இருவராகவும் கருதியோரின் தவறுகளைத் திருத்த இன்னொரு நூலும் எழுதினார். காரணம் எளிது. நம்பகமானவரும் பலவீனமானவரும் ஒரே பெயரில் இருந்தால், ஆள் மாறினால் மார்க்கமே மாறிவிடும். தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஊர், தொழில், உஸ்தாத், வபாத்தான வருடம் என்று தேடித்தேடி எழுதிய பரம்பரையின் வாரிசுகள் நாம். நமது விழா மலர்களோ 'அறிஞர் அஸீஸ்' என்பதோடு முடிந்துவிடுகின்றன.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நானும் ஒரு தடவை ஒப்படையில் 'அஸீஸ்' என்று மட்டும் எழுதினேன். விரிவுரையாளர் சிவப்பு மையால் 'எந்த அஸீஸ்?' என்று கேட்டிருந்தார். வேறொரு திருத்தமும் இல்லை. எனக்கு அது போதுமாயிருந்தது.

போட்டிக்கு மறுநாள் கரும்பலகையில் மூன்று பெயரையும் முதலெழுத்து, ஊர், வருடத்தோடு எழுதினேன். பேசிய மாணவன் எழுந்து கேட்டான்: "சேர், இதுல நம்மட ஆள் யாரு?" மூவரும் எழுதியதையும் பேசியதையும் வாசித்துவிட்டு நீயே சொல் என்றேன். 'இலங்கையில் இஸ்லாம்' எங்கள் பாடசாலை நூலகத்தில் இல்லை. என் பிரதியைக் கொடுத்தேன். மற்ற இருவரைப் பற்றிக் கொடுக்க என்னிடமும் ஒன்றும் இல்லை. அந்த வெட்கத்தையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மலர் வெளியிடுவோரிடமும் நினைவுப் பேருரை நிகழ்த்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். முதலெழுத்துகளை விரித்து எழுதுங்கள். தகப்பன் பெயர், ஊர், பிறந்த இறந்த வருடங்கள் போடுங்கள். தெரியாவிட்டால் தேடுங்கள், தேடியும் கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியை எழுதாமல் விடுங்கள். இச்சஞ்சிகையின் ஆசிரியர் குழுவும் முதலெழுத்தில்லாமல் வரும் கட்டுரையைத் திருப்பி அனுப்பட்டும். என்னுடையதாயினும் சரி.

அந்த மாணவனின் முதற்பரிசை மீளப் பெறும்படி நான் கேட்கவில்லை. அடுத்த தவணை அவன் மீண்டும் பேசுவான். தலைப்பை அவனே எழுதித் தந்துவிட்டான்: 'மூன்று அஸீஸ்கள்.'